யார் போட்டது என்று கேட்காமல்

அண்டார்டிகா
14 ஜனவரி 2024

பியூலா அக்கா,

போனில் பேசினால் நமக்குள் சண்டைதான் வருகிறது. நான் சொல்வது உன் காதுக்கு வந்து சேர்வதற்குள் நீ அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். கிளம்பிய அன்று பங்காரப்பேட்டை ஸ்டேஷன் வரைக்கும் வந்துவிட்டு, ரயில் நகரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாயே, அதை நினைத்துக்கொண்டேதான் கடலைக் கடந்தேன்.

நல்லபடியாக இருக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. இங்கே இப்போது கோடைகாலமாம். சூரியன் இறங்குவதே இல்லை.

எனக்கு இங்கே என்ன வேலை என்று அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றாய். குப்பை பொறுக்குகிற வேலை என்று சொல், சிரிப்பார். உண்மையும் அதுதான். இந்தப் பனியில் மனுஷன் கொண்டுவந்தது எதுவும் தங்கக் கூடாது என்று பல நாடுகள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. பேட்டரியோ, பிளாஸ்டிக்கோ, பழைய எண்ணெயோ, எல்லாம் டிரம்மில் அடைபட்டு ஊர் திரும்ப வேண்டும். அதற்குப் பொறுப்பு நான். அதேபோல வெளி மண்ணும் உள்ளே வரக் கூடாது. மண்ணோடு ஒரு விதையோ கிருமியோ வந்துவிட்டால் இந்த இடம் கெட்டுவிடும். கப்பலை விட்டு இறங்கும்முன் பூட்ஸ், பை, கோட் பாக்கெட்டின் மடிப்பு எல்லாவற்றையும் ஒரு சின்ன பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தார்கள். என் பழைய கோட்டிலிருந்து வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கல்லை அரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்ட சுரங்கக் கம்பெனி, மிச்சத்தை மலையாகக் குவித்து நம்மிடம் விட்டுப்போன சயனைடு மேட்டுத் தூசு. "இது என்ன?" என்று கேட்டார்கள். வீட்டுத் தூசு என்று சொன்னேன்.

இன்னொன்றும் அப்பாவிடம் சொல். எங்கள் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பள்ளம் இருக்கிறது. ரொம்பக் காலத்துக்கு முன்னால் யாரோ டீசல் டிரம்களையும் பேட்டரிகளையும் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பனி இளகும்போது எண்ணெய் பக்கத்து ஏரிக்கு இறங்குகிறது. எந்த நாடு கொட்டியது என்று தெரியவில்லை, எழுத்தையெல்லாம் துரு தின்றுவிட்டது. ரஷ்யா, சீனா, ஆஸ்திரேலியா, நாம் என்று நாலு நாட்டு ஆட்களும் உட்கார்ந்து பேசினோம். யார் போட்டது என்று கேட்டுக்கொண்டிருக்காமல் ஆளுக்கு ஒரு பங்கு ஊருக்கு எடுத்துப்போய்விடுவது என்று முடிவாகியிருக்கிறது.

அப்பாவின் மூச்சு எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுது.

இவான்


ரயிலில்
9 பிப்ரவரி 2024

இவான்,

காலை ரயிலில் உட்கார்ந்து போனில் டைப் அடிக்கிறேன். ஒயிட்ஃபீல்டு வரும்வரை எனக்கு வேறு வேலை இல்லை. என்னோடு வேலைக்கு வரும் ஷோபா என் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்குகிறாள். ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்டரில் உட்கார்ந்துவிட்டால் பிறகு மூச்சுவிட நேரம் கிடைக்காது.

அப்பாவின் மூச்சைப் பற்றிக் கேட்டாய். ஆக்ஸிஜன் மெஷினைக் கழற்றிவிட்டு பாத்ரூம் போய் வந்தால், கட்டிலைப் பிடித்துக்கொண்டு அல்லாடுகிறார். சுரங்கத்துக்குள் நெஞ்சில் ஏறிய தூசு இனி இறங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பகலில் பக்கத்து வீட்டு மாலா அக்கா வந்து பார்த்துக்கொள்கிறாள். கரண்ட் போனால் எனக்கு போன் பண்ணுவாள். ரயிலில் நின்றுகொண்டு நான் கரண்ட்டை வரவழைக்க முடியுமா?

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். பிரஷ் கதைக்குச் சிரித்தார். பள்ளத்துக் கதை வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"இன்னா சொல்றான் இவன்? யாரு போட்டதுன்னு கேக்காமயே எடுத்துகினு போறாங்களா?"

"ஆமாப்பா. நாலு நாட்டு ஆளுங்களும் சேர்ந்து."

"அங்க யாரு குடியிருக்காங்க?"

"யாரும் இல்லப்பா. பென்குயின் கீது. பறவை."

பிறகு, "அந்த ஆளுங்கள ஒரு தபா நம்ம ஊருக்கு இட்டுகினு வரச் சொல்லு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இங்கே கம்பெனி மூடியதிலிருந்து இதுதானே பேச்சு. மேட்டைப் போட்டது யார், எடுக்க வேண்டியது யார், ஒருவர் இன்னொருவரைக் காட்டுகிறார். காட்டி முடிப்பதற்குள் காத்துக்காலம் வந்துவிடுகிறது.

அப்பா போ என்றார், நீ போனாய். அப்பா சொல்லைத் தட்டாத பிள்ளை என்று ஆண்டர்சன்பேட்டை முழுக்க உனக்கு நல்ல பெயர். உன் எதிரில் அவர் இருமலை அடக்கிக்கொண்டு பேசினார் என்பது உனக்குத் தெரியாமல் இருந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. அதனால்தான் போகாதே என்றேன், கெட்டவளும் ஆனேன்.

ஒயிட்ஃபீல்டு வந்துவிட்டது. இத்துடன் நிறுத்துகிறேன்.

பியூலா


அண்டார்டிகா
26 மே 2024

அக்கா,

சூரியன் போய்விட்டது. இனி சில வாரங்களுக்கு வராது. கடைசிக் கப்பலும் போய்விட்டது. கடல் உறைந்துவிட்டதால் இனி நவம்பர் வரை யாரும் வரவும் முடியாது, போகவும் முடியாது. இது தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். நீ அதை மறுபடி சொல்லிக்காட்ட வேண்டாம்.

பள்ளத்தில் பாதி வேலை முடிந்திருக்கிறது. மீதி பனிக்கு அடியில். அப்பா கேட்டதை மற்றவர்களிடம் சொன்னேன். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சீன நிலையத்தில் என் வேலையைப் பார்ப்பவர், உங்கள் ஊர் மேடு எவ்வளவு உயரம் என்று கேட்டார். போட்டோ காட்டினேன். அடிவாரத்தில் இருக்கும் வீடுகளைப் பெரிதாக்கிப் பார்த்தார். இதில் ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். எங்கள் வீடு அந்த வரிசைக்கு இரண்டு தெரு தள்ளி என்றேன். அதன் பிறகு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

பறவைக்குக் கிடைப்பது மனுஷனுக்கு ஏன் இல்லை என்று நீ எழுதாமல் எழுதியிருந்தாய். இங்கே விழும் கரியும் தூசும் எங்கோ நம்மைப் போன்ற ஊர்களிலிருந்து வருவதுதான், அதனால் இங்கே செய்வதும் வீண் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சில நாள் நம்பிக்கை வருகிறது, சில நாள் வருவதில்லை.

அப்பாவைப் பேசச் சொல்லி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பு. இருமினாலும் பரவாயில்லை.

இவான்


ஊரிகம், வீடு
19 ஜூலை 2024

இவான்,

போனில் விஷயத்தைச் சொன்னேன், நீ "ஹலோ, ஹலோ" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய், லைன் போய்விட்டது. அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். உனக்குத் தெரிய வேண்டும்.

அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று சர்ச்சில் வாசித்தார்கள். நித்திரை எல்லாம் இல்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது உட்கார்ந்திருந்தார். டீ கேட்டார். கொண்டுவந்தேன். குடிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தார், இழுத்தார், அது உள்ளே போகவே இல்லை. மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கரண்ட் இருந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். எல்லாம் இருந்தும் போய்விட்டார்.

மறுநாள் அடக்கம். கூட்டத்துக்குக் குறைவில்லை. அப்பாவோடு ஒரே ஷிஃப்ட்டில் இறங்கியவர்களில் இப்போது நடக்க முடிகிறவர் முனிரத்தினம் மாமா ஒருவர்தான். பெட்டியைக் கயிற்றில் இறக்கும்போது, அந்தக் காலத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் சுரங்கத்துக்குள் இறங்க மணி அடிப்பதுபோல, கடப்பாரையில் கல்லால் தட்டினார். சுரங்கத்து ஆளை அப்படித்தான் அனுப்புவோம் என்றார். அன்றைக்குப் பார்த்து நல்ல காத்து. மேட்டிலிருந்து ஒரு வீச்சு வந்தது, எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோம். திறந்து பார்த்தால் கறுப்புப் பெட்டி வெள்ளையாகிக் கிடந்தது.

பாஸ்டர் மகனைத் தேடினார். முதல் பிடி மண் மகன் போட வேண்டும் அல்லவா? "இவானுக்குப் பதிலா நான் போடுறேன்" என்று நம் ஆஸ்டின் குனிந்தான். சித்தப்பா மகன், அவனும் மகன் முறைதான். நான் அவன் கையைப் பிடித்துவிட்டேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. அந்த முதல் பிடியைக் குழியோரத்திலிருந்து நான் என் கைக்குட்டையில் அள்ளிக் கட்டிக்கொண்டேன். "இது எங்க தம்பியோடது, மத்தவங்க போடுங்க" என்றேன்.

அப்பா உனக்கு மெசேஜ் பேசிக்கொண்டிருந்தார். தினமும் கொஞ்சம் பேசுவார், நன்றாக வரவில்லை என்று அழிக்கச் சொல்வார். நானும் அழித்துக்கொண்டே வந்தேன். இப்போது ஒன்றும் மிச்சமில்லை.

பியூலா


அண்டார்டிகா
23 ஜூலை 2024

அக்கா,

எழுத உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தேன்.

நீ போனில் சொன்னதில் அப்பா என்பது மட்டும்தான் கேட்டது, மறுநாள் மாலா அக்காவின் பெண் போனில் அடக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். கயிறு இறங்கும்போது படம் நின்றுவிட்டது. பெட்டி பாதியில் நிற்கிறது. எனக்கு அப்பா இன்னும் அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறார்.

பக்கத்து நிலையங்களிலிருந்து அந்தப் பனியிலும் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார்கள். ரஷ்ய டாக்டர் ஒரு ரொட்டி கொண்டுவந்து மேஜையில் வைத்தார். சீனாக்காரர் வெள்ளைத் தாளில் பூ மடித்துக் கொடுத்தார். இவர்கள் யாரும் அப்பாவைப் பார்த்ததில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவர் என்று மட்டும் தெரியும். நான் அழுதேன். அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆஸ்டின் கையைப் பிடித்ததற்கு நீ உன் காலில் விழச் சொன்னாலும் விழுவேன்.

இவான்


ஊரிகம், வீடு
22 செப்டம்பர் 2024

இவான்,

இது மெயிலில் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். பார்சலுக்குள் கையால் எழுதி வைக்கிறேன். முதல் கப்பலில் உங்களுக்குப் பார்சல் அனுப்பலாம் என்று உங்களை அனுப்பிய கோவா ஆபீஸிலிருந்து சொன்னார்கள். முறுக்கு மாலா அக்கா சுட்டது. ஸ்வெட்டர் நான் வாங்கியது, கலர் பிடிக்காவிட்டாலும் போடு.

அடியில் ஒரு தகர டப்பா இருக்கும். பார்த்ததும் தெரியும். அப்பா ஷிஃப்ட்டுக்கு டீத்தூள் கொண்டுபோன டப்பா. மூடி லூசு என்பது உனக்கே தெரியும், ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன். உள்ளே இருப்பது உன்னுடைய அந்தப் பிடி மண். கையில் எடு. ஒரு ஜெபம் பண்ணு. பிறகு மூடி வைத்து, வரும்போது கொண்டுவந்து அப்பா மேல் நீயே போடு. கல்லறைக்கு சிமென்ட் பூசிவிடலாம் என்று ஆஸ்டின் அவசரப்படுத்துகிறான். இவான் கை படாமல் மூட விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பிரஷ் போட்டுத் தேய்க்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அது பூட்ஸில் ஒட்டிக்கொண்டு வருகிற மண்ணுக்குத்தானே? டப்பாவுக்குள் பத்திரமாக இருக்கும் மண்ணை யார் என்ன சொல்லப் போகிறார்கள்? நம் வீட்டு மண், நம் அப்பா மண்.

பியூலா


அண்டார்டிகா
8 டிசம்பர் 2024

அக்கா,

பார்சல் வந்தது. நீ கோபப்படப் போகிறாய். படித்து முடித்துவிட்டுக் கோபப்படு.

இந்த வருஷத்திலிருந்து ஒரு நிலையத்துக்கு வரும் சரக்கை இன்னொரு நிலையத்து ஆட்கள் பிரித்துப் பார்ப்பது என்று எங்களுக்குள் பேச்சு. நான் அவர்களுடையதைப் பார்த்தேன். அவர்கள் எங்களுடையதைப் பார்த்தார்கள். குளிரில் உன் ரப்பர் பேண்ட் அறுந்து மூடி திறந்திருந்தது. முறுக்கு, ஸ்வெட்டர், உன் கடிதம் எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசு. சீனாக்காரர் பிரித்தவர், ரஷ்ய டாக்டர் கூட நின்றார். "என்ன இது?" என்று கேட்டார்கள்.

பவுடர் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. "மண். என் அப்பாவின் கல்லறையிலிருந்து வந்தது" என்றேன்.

டாக்டர் தொப்பியைக் கழற்றினார். இங்கே வந்துவிட்ட மண்ணுக்கு இரண்டே வழி. எரிப்பது, அல்லது சீல் வைத்து அனுப்புவது. எரிக்க என்னால் முடியவில்லை. அப்பாவை நாம் அடக்கம்தானே பண்ணினோம்? சும்மா மண் என்றால் எரிக்கத்தான் சொல்வார்கள். விஷக் கழிவு என்றால்தான் எரிக்காமல் டிரம்மில் அடைத்து அனுப்ப முடியும். டிரம்மில் ஒட்டும் சீட்டை எழுத வேண்டியவன் நான். எழுதினேன். கோலார் தங்கவயல், சயனைடு மேட்டுத் தூசு கலந்த மண், அபாயக் கழிவு. மற்ற மூன்று நாட்டுப் பொறுப்பாளர்களும் கீழே கையெழுத்துப் போட்டார்கள்.

அடைப்பதற்கு முன் கேட்டேன், விட்டார்கள். கையுறை போட்டுக்கொண்டு ஒரு பிடி எடுத்தேன். ஜெபம் ஒன்றும் வரவில்லை. அப்பா என்று மட்டும் சொன்னேன்.

அந்த டிரம்மை ஊரில் திறக்கவும் முடியாது. தனியாக ஒரு இடத்தில், கீழே நீர் இறங்காதபடி கட்டிய குழியில் புதைப்பார்கள். என்னால் அதைக் கொண்டுவர முடியாது.

இவான்


ரயிலில்
10 டிசம்பர் 2024

இவான்,

அப்பா மேல் விழ வேண்டிய மண்ணைக் குப்பை என்று உன் கையால் எழுதி, மூன்று பேரிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறாய். கையுறை போட்டுக்கொண்டு தொட்டிருக்கிறாய்.

நான் அவரை வெறும் கையால் குளிப்பாட்டினேன்.

இனி எழுதாதே.

பியூலா


அண்டார்டிகா
20 ஜனவரி 2025

அக்கா,

எழுதாதே என்றாய். ஒரே ஒரு கடிதம் எழுதிவிடுகிறேன்.

பள்ளம் காலியாகிவிட்டது. கடைசி டிரம் நேற்று கப்பல் ஏறியது. நம் டப்பா இருக்கும் டிரம்மும் அதோடு போயிற்று. ஏரி தெளிய இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும் என்கிறார்கள், ஆனாலும் புதிதாக எண்ணெய் இறங்கவில்லை. யாரும் கைதட்டவில்லை. அவரவர் நிலையத்துக்குத் திரும்பிவிட்டோம்.

நான் ஏன் பவுடர் என்று சொல்லவில்லை என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வந்த அன்று என் கோட்டிலிருந்து உதிர்ந்ததை வீட்டுத் தூசு என்றேன். நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். சோற்றில் விழுந்தாலும் தூசு, தொட்டிலில் விழுந்தாலும் தூசு. துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். அப்பாவின் நெஞ்சிலும் முதலில் தூசு என்றுதான் சொன்னார்கள். அதை விஷம் என்று ஒரு தாளிலாவது யாராவது எழுத வேண்டும் என்று தோன்றியது. எழுதும்போது அது அப்பாவின் மண் என்பது மறக்கவில்லை அக்கா. மறந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த ஒரு பிடிக்கு இவ்வளவு மரியாதை. டிரம், சீல், நாலு கையெழுத்து, நீர் புகாத குழி. மிச்ச மேடு முழுவதும் உன் தலைக்கு மேலே இருக்கிறது. இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

மார்ச்சில் வருகிறேன். வீட்டுக்கு வரலாமா என்று மட்டும் சொல். வரக் கூடாது என்றால் ஆஸ்டின் வீட்டில் தங்கிக்கொள்கிறேன். வெறுங்கையோடு வருகிறவனுக்கு கல்லறையில் என்ன வேலை என்றும் தெரியவில்லை.

இவான்


ஊரிகம், வீடு
18 பிப்ரவரி 2025

இவான்,

ஆஸ்டின் வீட்டில் உனக்கு என்ன வேலை? அவன் பெண்டாட்டி குழம்பு உனக்குச் சேராது. ஒழுங்காக வீட்டுக்கு வா.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு பல நாள் சும்மா இருந்தேன். கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வழக்கம்போல அப்பாவிடம் போனேன். போகும்போதெல்லாம் துடைப்பம் கொண்டுபோய் மேலே பெருக்கிவிட்டு வருவேன். அடுத்த வாரம் போனால் மறுபடி வெள்ளையாக மூடியிருக்கும். இந்த ஞாயிறும் மூடியிருந்தது. பெருக்கக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அடக்கத்தன்று நான் ஆஸ்டின் கையைத்தான் பிடித்தேன், மேட்டின் கையைப் பிடிக்க முடியவில்லை. முதல் மண்ணை அதுதான் போட்டது. இன்றைக்கும் விடாமல் போட்டுக்கொண்டிருக்கிறது. உயிரோடு இருந்தபோது நெஞ்சுக்குள் போட்டது, இப்போது மேலே போடுகிறது. இதற்கு மேல் நீயும் கொண்டுவந்து ஒரு பிடி போட்டால்தான் மகன் என்று நான் இத்தனை நாள் பிடிவாதமாக இருந்திருக்கிறேன். எனக்கு அழுகை அடங்கவில்லை. முனிரத்தினம் மாமா தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

நீ மண் போட வேண்டாம். எல்லோரும் போட்டாயிற்று. நீ வந்து எடு. யார் போட்டது என்று கேட்காமல் எடுப்பதுதானே உன் வேலை? அப்பா உன் கடிதத்தில் நிறுத்திக் கேட்டதும் அது ஒன்றைத்தான். மறுநாளே மறுபடி வந்து விழும், எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு நாளாவது அப்பா மேல் அது இல்லாமல் இருக்கட்டும்.

சிமென்ட் பூச வேண்டாம் என்று ஆஸ்டினிடம் சொல்லிவிட்டேன். கையுறை போட்டுக்கொள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். எனக்கும் ஒரு ஜோடி கொண்டு வா.

துடைப்பத்தில் சரியாக வருவதில்லை. அந்தச் சின்ன பிரஷ்ஷையும் கேட்டு வாங்கி வா.

பியூலா